ஐலா தீவின் புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்றொரு தீவு. அங்கே மேல்புல்லைச் சீவிவிட்டு மண்வெட்டியை இறக்கினால், கறுப்பாக, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மண் கட்டிகட்டியாக வெட்டுப்பட்டு வரும். அதுதான் பீட். பாசியும் புல்லும் குறும்புதர்களும் செத்து விழுந்து, தண்ணீர் தேங்கிய நிலத்தில் காற்றுப் படாததால் முழுசாக மட்கிப்போகாமல், வருஷத்துக்கு வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தது. படிகிற வேகம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கைத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறேன். அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கிற பீட், எங்கள் ஊர் ராஜகோபுரம் எழுந்த காலத்துப் பாசி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த அந்த 217 அடி, பதினோரு நிலைக் கோபுரத்துக்கு இங்கே கல் ஏறிக்கொண்டிருந்த நூற்றாண்டில், அங்கே அந்தப் பாசி பச்சையாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மீட்டர் தோண்டினால் ராஜராஜ சோழன் காலம். அந்தப் பழம்பாசி வெட்டுப்பட்டு, காய்ந்து, எரிந்து, புகையாகி, ஒரு தானியத்தில் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டி எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் புகையின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஐலாவில் பெருங்காடு கிடையாது. நிலக்கரிச் சுரங்கமும் கிடையாது. கால்மாட்டில் கிடப்பது பீட் ஒன்றுதான். குளிர்காய, சமைக்க, துணி உலர்த்த, எல்லாவற்றுக்கும் அதையே எரித்தார்கள். விஸ்கி காய்ச்சுவதற்கு பார்லியை முளைக்கவிட்டு உலர்த்த வேண்டும்; அதற்கும் அதே அடுப்பு. புகை வாசனை வேண்டும் என்று யாரும் முதலில் தேடிப் போகவில்லை. வேறு எரிபொருள் இல்லாத இடத்தில், எரிந்ததன் வாசனை குடிக்கிறதிலும் ஏறியது. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் விஸ்கி பெரும்பாலும் இப்படித்தான் மணந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை மலைநாட்டுக்குள் போயிற்று. நிலக்கரியும் கோக்கும் மலிவாக வந்து இறங்கின. ஸ்பேசைடு பக்கத்துச் சாராய ஆலைகளில் புகை மெல்ல விலகி, பழவாசனையும் தேன்வாசனையும் முன்னால் வந்தன. ரயில் எட்டாத தீவில் புகை தங்கிவிட்டது. லஃப்ராய்க், ஆர்ட்பெக் ஆலைகள் இரண்டும் தொடங்கியது 1815, லாகவூலின் 1816. தென்கரையில் மூன்றும் அடுத்தடுத்து, கடல் அலை சுவரில் தெறிக்கும் தூரத்தில் நிற்கின்றன. உலகத்தின் கடும்புகை விஸ்கிகளில் பேர்பெற்றவை இன்றும் இந்தக் கரையில்தான்.

பீட்டை வசந்தகாலத்தில் வெட்டி வெளியில் அடுக்கிவிடுவார்கள். காற்றிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் காயும். முழுக்கக் காயவிடுவதில்லை, கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் தழல் அடங்கிப் புகை மிகும். இன்னொரு பக்கம் பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, முளை கட்டவிடுகிறார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. வேர் நீண்டு, இருக்கிற சத்தையெல்லாம் பயிரே தின்றுவிடும் முன் அதை நிறுத்த வேண்டும். நிறுத்துவது சூடு. அந்தச் சூட்டோடுதான் புகையும் வருகிறது.

வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். அடைத்த அறை, கீழே அடங்கிய நெருப்பு, மேலே சரக்கு, நடுவில் வெளியே போக அவசரமில்லாத புகை. உலைக்கூடத்தின் கம்பிவலைத் தளத்தில் ஈரப் பார்லி கிடக்க, அடியில் பீட் கனல்கிறது. புகை ஒட்டுவது தானியம் ஈரமாக இருக்கிற வரைக்கும்தான். உமி உலர்ந்துவிட்டால் அதன்மேல் ஒன்றும் பிடிக்காது. அதனால் முதல் பல மணி நேரம் பீட் புகை, பிறகு வெறும் வெப்பக்காற்று. லஃப்ராய்க் ஆலையில் இன்னும் ஒரு பங்கு பார்லியைச் சொந்தத் தரையில் முளைக்கவிட்டு, ஆள் வைத்துப் புரட்டிப்போட்டு, தாங்கள் வெட்டிய பீட்டிலேயே உலர்த்துகிறார்கள். மீதி, மால்ட்டாகவே, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியாகவே, வெளியிலுள்ள பெரிய மால்ட் ஆலைகளிலிருந்து வருகிறது.

இந்தப் புகைக்குள் என்னதான் இருக்கிறது? செடியின் தண்டுக்கும் வேருக்கும் விறைப்பைக் கொடுப்பது லிக்னின் என்ற பொருள். அது எரிந்து உடையும்போது ஃபினால் குடும்பத்துச் சேர்மங்கள் பிறக்கின்றன. குவாயகால் என்பது அடுப்புப் புகை வாசனை. கிரெசால் என்பது மருந்து வாசனை. ஒரு கிலோ பார்லியில் எத்தனை மில்லிகிராம் ஃபினால் ஒட்டியிருக்கிறது என்று அளந்து, அதை பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். லஃப்ராய்க், லாகவூலின் எல்லாம் 35-லிருந்து 45 வரை. ஆர்ட்பெக் 50-ஐத் தாண்டும். அதே தீவின் ப்ரூக்லாடி ஆலை தன் ஆக்டோமோர் வரிசையில் ஒருமுறை 309 வரைக்கும் போயிற்று. எனக்கு இந்தப் போட்டியில் பெரிய ஆர்வமில்லை. அந்த எண் தானியத்தில் அளந்தது. குடிக்கிற விஸ்கியில் அளந்ததில்லை.

தானியத்திலிருந்து கண்ணாடிக் குவளைக்கு வருகிற வழியில் புகை தொடர்ந்து இழந்துகொண்டே வருகிறது. உமியோடு ஒரு பகுதி சக்கையாக வெளியேறுகிறது. வடிப்பில்தான் பெரிய இழப்பு. செப்புக் கலயத்தில் காய்ச்சும்போது முதலில் வருவது காரமான தலைச்சரக்கு, அதை ஒதுக்கிவிடுவார்கள். நடுவில் வருவதுதான் பீப்பாய்க்குப் போகும். கடைசியில் வருவது கனத்த வால்சரக்கு. புகைச் சேர்மங்கள் முதலில் வருவதில்லை, பின்பக்கம்தான் தலைகாட்டும். ஆகவே நடுச்சரக்கை எந்த நிமிஷத்தில் நிறுத்துவது என்பதில் ஆலையின் குணமே அடங்கியிருக்கிறது. சீக்கிரம் நிறுத்தினால் சாதுவான விஸ்கி. தாமதித்தால் புகையும் தாரும் ஏறும். கொஞ்சம் அதிகம் தாமதித்தால் வியர்வை நாற்றமும் கூடவே ஏறிவிடும். ஒரே 40 பிபிஎம் பார்லியை இரண்டு ஆலைகள் வாங்கி, இரண்டு வேறு புகைகளை வெளியே அனுப்புவது இதனால்தான். அதற்குப் பிறகு பீப்பாயில் வருஷங்கள். அங்கேயும் புகை மெல்ல மங்கும். பத்து வயதில் உறுமுவது இருபத்தைந்து வயதில் முணுமுணுக்கும்.

வெளியுலகத்துக்கு இந்தப் புகை முதலில் தன் பெயரில் போகவில்லை. பல ஆலைச் சரக்குகளைக் கலந்து விற்கும் பிளெண்டட் விஸ்கிகளுக்குள் சிறு பங்காக ஒளிந்துதான் போயிற்று. சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஜானி வாக்கர் பிளாக் லேபிளை முகர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அதன் அடியில் இலேசாக ஒரு கரிவாசனை இருக்கும். அது பெரும்பாலும் ஐலாவின் கல் ஐலா ஆலையுடைய கைவரிசை. தன் பெயரிலேயே புகை வெளியே நடக்க உழைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெஸ்ஸி வில்லியம்சன். 1934-இல் லஃப்ராய்க்குக்குத் தட்டச்சு வேலைக்காகக் கோடைக்கு மட்டும் வந்த பெண். உரிமையாளர் இயன் ஹண்டர் 1954-இல் இறந்தபோது ஆலையை இவரிடம் விட்டுப் போனார். 1972 வரை அதை நடத்தினார். 1960-களில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் ஸ்காட்ச் விஸ்கியைப் பற்றிப் பேசினார். ஒரு தீவின் வாசனையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காதவர், மாற்றவும் விடாதவர்.

இந்தியாவுக்கு வந்தால் காட்சி வேறு. ஸ்காட்ச் அளவில் பார்த்தால் 2022-இல் உலகத்திலேயே அதிகம் வாங்கிய நாடு இந்தியா: 21 கோடியே 90 லட்சம் பாட்டில், பிரான்ஸைத் தாண்டி. ஆனால் இங்கே விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதிக்கும் பார்லிக்கும் உறவு குறைவு. கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த எரிசாராயத்தில் கொஞ்சம் மால்ட் சேர்த்தோ, நிறமும் வாசனையும் மட்டும் ஏற்றியோ வருவது அது. எங்கள் மாவட்டத்திலும் செய்யாறு கூட்டுறவு ஆலை மாதிரி கரும்பு அரைக்கும் ஆலைகள் உண்டு. மொலாசஸ் வாசனை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. போதாததற்குத் தமிழ்நாடு பிராந்தி நாடு. ஜலதோஷத்துக்கு ஒரு மூடி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி என்று பிராந்திக்கு நம் வீடுகளில் மருந்துப் பெயர் இருந்தது. புகை விஸ்கிக்கு இங்கே ஒரு வாசலும் இல்லை.

வாசல் திறந்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளி. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் பெங்களூரு. அதைத் தாண்டி மைசூர் சாலையில் கும்பல்கோடு. அங்கே அம்ருத் ஆலை. நிறுவனத்தை 1948-இல் தொடங்கியவர் ராதாகிருஷ்ண ஜக்தாலே. அவர் மகன் நீலகண்ட ஜக்தாலே காலத்தில் மால்ட் விஸ்கி காய்ச்சிப் பீப்பாய்களில் வைத்திருந்தார்கள், பிளெண்டுகளில் கலப்பதற்காக. அடுத்த தலைமுறையான ரக்ஷித் ஜக்தாலே இங்கிலாந்தின் நியூகாசிலில் மேலாண்மை படித்தபோது, இந்திய சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையின் மால்ட் விஸ்கியை, அங்கே விற்க முடியுமா என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பெயர் சொல்லாமல் ஊற்றிக்கொடுத்துக் கருத்துக் கேட்டார். 24 ஆகஸ்ட் 2004 அன்று அம்ருத் சிங்கிள் மால்ட் வெளியானது பெங்களூரில் இல்லை, கிளாஸ்கோவில், கஃபே இந்தியா என்ற உணவகத்தில். விஸ்கி பிறந்த நாட்டுக்காரனிடமே முதலில் நீட்டிய துணிச்சல் அது. முதல் சில வருஷம் விற்பனை படுத்தேதான் கிடந்தது.

புகை இந்தக் கதைக்குள் நுழைவது எப்படி என்றால், மூட்டைகளாக. இந்திய பார்லி ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்திலிருந்து வருகிறது. அதில் பீட் புகை கிடையாது. ஆகவே ஸ்காட்லாந்தில் பீட் புகையில் உலர்த்திய மால்ட்டைக் கப்பலில் வரவழைத்தார்கள். கும்பல்கோட்டில் அதைத் தனியாகக் காய்ச்சித் தனிப் பீப்பாய்களில் ஊறப்போட்டார்கள். முழுக்க அதிலேயே செய்தது அம்ருத் பீட்டட். நாலில் மூன்று பங்கு இந்திய பார்லி, ஒரு பங்கு ஸ்காட்லாந்துப் புகைப் பார்லி என்று இரண்டையும் முதிர்ந்த பிறகு கலந்தது அம்ருத் ஃபியூஷன். அதற்கு 2010-ஆம் ஆண்டின் 'விஸ்கி பைபிள்' நூலில் ஜிம் மர்ரே நூற்றுக்கு 97 கொடுத்து, உலகத்தில் மூன்றாவது என்று வைத்தார். அதற்குப் பிறகு இந்திய மால்ட் என்றால் யாரும் சிரிக்கவில்லை. கோவாவின் பால் ஜான் ஆலையும் பின்னால் புகைக்காக ஐலா பீட்டை வரவழைத்தது.

பெங்களூர் வெப்பம் இந்தப் புகைக்குச் செய்தது என்ன என்பதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அங்கே அதற்குப் பெயர். பெங்களூரில் 10, 12 சதவீதம். எட்டு வருஷம் வைத்திருந்த ஓர் அம்ருத் சரக்கில் முக்கால் பங்குக்கு மேல் காற்றோடு போய், மிஞ்சியதில் 144 பாட்டில்தான் தேறியது. அதற்குப் பேராசைக்காரத் தேவதைகள் என்றே பெயர் வைத்தார்கள். இழப்பு பெரிது. ஆனால் வெப்பத்தில் மரம் தன் சத்தை விரைவாகக் கொடுத்துவிடுகிறது. நாலைந்து வருஷத்தில் விஸ்கி முதிர்ந்துவிடும். ஐலாவில் மரத்தின் முதிர்ச்சிக்காகக் காத்திருந்தால் புகை மங்கும். புகைக்காகச் சீக்கிரம் இறக்கினால் மரம் போதாது. கும்பல்கோட்டில் மரம் முதிர்ந்த சமயத்தில் புகை இன்னும் இளசாக இருக்கிறது. அம்ருத் பீட்டட் குடிக்கும்போது ஒரே மடக்கில் ஆரஞ்சுத் தோலும் சாம்பலும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுக்குப் புகை வந்தது ஐலாவிலிருந்து நேராக. கிளாஸ்கோ பக்கம் வேலை பார்க்கும் மைத்துனன், விமானத்தில் ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்று சட்டம் அனுமதிக்கிற இரண்டு லிட்டருக்குள், பச்சைக் கண்ணாடியில் வெள்ளை லேபிள் ஒட்டிய லஃப்ராய்க் பத்து வருஷத்தைக் கொண்டுவந்தான். "மாமா, மொதல்ல மோந்து மட்டும் பாருங்க. உடனே குடிச்சிடாதீங்க" என்றான். தக்கையை இழுத்த மாத்திரத்தில் உள்ளறையிலிருந்து அவன் அக்கா குரல் வந்தது: "என்னடா அது, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி வாசன வருது?"

அவள் சொன்னது வேதியியல்படியும் சரி. ஆஸ்பத்திரித் தரையில் ஊற்றும் கறுப்பு ஃபினாயிலில் இருப்பவை தார் வழி வந்த ஃபினாலும் கிரெசாலும். பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் வாசனையும் அந்தக் குடும்பம்தான். விஸ்கியில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான், ஆனால் மூக்குக்கு அதுவே தாராளம். முதல் மடக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வாயில் சாம்பல், தொண்டையில் உப்பு, மூக்கில் மருந்து. ஆனால் விழுங்கிய பிறகு அது போகவில்லை. நெஞ்சுக்குள் இருந்து திரும்பத் திரும்ப மேலே வந்தது. அப்படி வந்தபோது மருந்து வாசனை கழன்று, அடியில் வேறு ஒன்று தெரிந்தது: வறட்டி அடுப்பு.

திருவண்ணாமலையைச் சுற்றிய கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குப் புகை ஒரு ருசியும்கூட. வறட்டியும் முள்ளும் எரிகிற அடுப்பில் காய்ச்சிய பாலில் அது ஏறும். பனை ஓலை அனலில் காய்ச்சிய கருப்பட்டியில் அது இருக்கும். அந்தக் கருப்பட்டி போட்ட காபியில் முதலில் வருவது இனிப்பில்லை, புகை. சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் போட்ட புகை தலைமுடியில் தங்கி மறுநாள் பள்ளிக்கூடம் வரை வரும். விறகும் தழையும் எரிந்தால் அங்கே குவாயகால் உண்டு. கேஸ் அடுப்பு வந்த பிறகு பாலிலிருந்து அது போய்விட்டது. மூக்கு மட்டும் மறக்கவில்லை. கண்காணாத தீவுக்காரன் எரித்த பாசி, என்னுடைய பாட்டி வீட்டு அடுப்பங்கரையை எனக்குத் திறந்துகாட்டியது. கடும்புகை விஸ்கியின் மேல் எனக்கு ஆசை வந்தது அந்த இடத்தில்தான். விலையோ வயதோ லேபிளோ அதற்குக் காரணமில்லை.

இது ஒரு கோயில் ஊர். புகைக்கு இங்கே தனி மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் சாம்பிராணி மணக்கும். அதுவும் கடல் தாண்டி, சுமத்ரா பக்கத்துப் பிசினாக வந்து தமிழ் வீடுகளின் வாசனையாகிப்போன ஒன்று. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் ஆளுயரச் செப்புக் கொப்பரை, 3,500 கிலோவுக்குக் குறையாத நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத்துணித் திரி. பதினோரு நாள் எரியும். கொப்பரையில் படிந்த மையை எடுத்துச் சேர்த்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு ஜனங்களுக்குத் தருவார்கள், நெற்றியில் இட்டுக்கொள்வோம். நெய்ப் புகையின் மை வேறு, பீட் புகையின் எண்ணெய் வேறு. முன்னது வழிபாடு, பின்னது நாக்கின் ஆசை. இரண்டையும் நான் ஒரே வரிசையில் வைக்கவில்லை. ஆனால் எரிந்ததன் மிச்சத்தை மதித்து வைத்துக்கொள்கிற ஊரில் பிறந்த மூக்குக்கு, புகையை அலட்சியம் செய்யத் தெரியாது. தீபத் திருவிழா நாட்களிலும் பௌர்ணமி கிரிவலத்தன்றும் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வராது. அதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஊரோடு வாழ்கிறவனுக்கு அது தெரியும்.

மதுவைப் பற்றி ஆசையோடு எழுதுகிறவன் இந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலிவேலை முடித்து வந்து, கையில் இருந்த சில்லறைக்குக் கிடைத்ததை வாங்கிக் குடித்தவர்கள். தலைச்சரக்கையும் வால்சரக்கையும் ஒதுக்கி, பத்து வருஷம் பீப்பாயில் காத்து வைத்ததைக் குடிக்கிற வசதி எனக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. மதுவால் அழிந்த குடும்பங்கள் என் தெருவிலும் உண்டு. சிறிது ஊற்றி, நேரம் எடுத்து, வாசனையைத் தேடிக் குடிக்கிறவன்கூட அந்த வீடுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும். குடிக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

குடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஐஸ் போட்டால் புகை ஒடுங்கிவிடும். சோடா போட்டால் கலைந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் அறைச் சூட்டிலேயே விஸ்கி நன்றாக மணக்கும். வேண்டியது சில சொட்டுத் தண்ணீர். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃப்ரீட்மனும் இதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் அளவு அதிகமாக இருக்கும்போது குவாயகால் மூலக்கூறுகளை ஆல்கஹால் சூழ்ந்து உள்ளேயே பிடித்துவைக்கிறது. 45 சதவீதமும் அதற்குக் கீழும் வரும்போது அவை மேற்பரப்புக்கு வந்து நிற்கின்றன, மூக்குக்கு எட்டும் இடத்தில். 50 சதவீத அம்ருத் ஃபியூஷனில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் பொறுத்து முகர்ந்தால், கண்ணெதிரே புகை எழுந்து நிற்பதை யாரும் உணரலாம்.

இனி இந்தப் புகை எப்படிப் பயணம் செய்யும்? இந்தியாவும் பிரிட்டனும் 24 ஜூலை 2025-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி ஸ்காட்ச் மீதான சுங்கத் தீர்வை 150 சதவீதத்திலிருந்து முதலில் 75-க்கும், பத்தாம் ஆண்டில் 40-க்கும் இறங்க வேண்டும். பாட்டில்கள் பெருகும். ஆனால் பீட் பெருகாது. உலகத்தின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் பீட் நிலம்; உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரியை அது அடக்கி வைத்திருக்கிறது. வெட்டி எரித்தால் ஆயிரம் வருஷத்துக் கரி ஒரு நாளில் வானத்துக்குப் போகிறது. விஸ்கிக்கு எடுப்பது தோட்டமண்ணுக்காக வெட்டியெடுப்பதோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான் என்பது உண்மை. ஸ்காட்லாந்தில் சேதமான சதுப்புகளுக்குத் திரும்பத் தண்ணீர் கட்டி மீட்கும் வேலையும் நடக்கிறது. இருந்தாலும் 309 பிபிஎம் பந்தயங்களுக்கு இனி அவசியமில்லை என்பதுதான் என் கட்சி. 24, 40 போதும். நல்ல கை இருந்தால் அதிலேயே தேவையான புகை கிடைக்கும்.

தமிழ்நாட்டிலும் பீட் இருக்கிறது. நீலகிரியில், சோலைக்காடுகளுக்கும் புல்வெளிக்கும் நடுவே தண்ணீர் தேங்கும் பள்ளங்களில். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமார், இன்னும் மூன்று விஞ்ஞானிகளோடு அந்த பீட்டை அடுக்கடுக்காக எடுத்துக் கரியின் ஐசோடோப்புகளை அளந்தார். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் காற்றிலிருந்து கரியை வேறு வேறு விகிதத்தில் எடுத்துக்கொள்வதால், எந்தக் காலத்தில் காடு இருந்தது, எப்போது புல் பரந்தது என்று அதில் படிக்க முடிந்தது. பனியூழி உச்சத்தில் இருந்தபோது தென்னாட்டுப் பருவமழை சுருங்கியதும், பிறகு பெருகியதும், 20,000 வருஷக் கதையாக 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இந்திய மால்ட்டுக்கு இப்போது உலகம் முழுக்கப் பேர் வந்துவிட்டதால், சொந்த பீட்டில் உலர்த்தினால் என்ன என்று நாளைக்கு யாராவது நீலகிரிப் பக்கம் பார்க்கக்கூடும். அந்தச் சிறு பள்ளங்களைத் தொடக் கூடாது. நம்முடைய மழையின் பழைய கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. இன்னும் படித்து முடிக்கவில்லை. பார்லி, ஐலாவிலும் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்திலும் புகை ஏற்றிக்கொண்டு மூட்டைகளிலேயே வரட்டும். கும்பல்கோட்டு வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.